அம்பாசிடர் டாஷ்போர்டு லைட் சுவிட்சை மாற்றுவது எப்படி: டெல்டா வண்டிகளுக்கான முழுமையான வழிகாட்டி

கல்லணையிலிருந்து பூம்புகார் வரை ஆற்றை ஒட்டிப் போகும் சாலையில் இரவில் பழைய அம்பாசிடர் ஓட்டுகிறவருக்கு ஹெட்லைட்டின் அருமையைச் சொல்லத் தேவையில்லை. பல இடங்களில் ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் சரிந்து இறங்கும் வயல். அறுவடை நாளில் பாதிச் சாலையை நெல் அடைத்துக்கொண்டிருக்கும். எதிரே பின்விளக்கு இல்லாத டிராக்டர் டிரெய்லர் நிற்கும். அங்கே விளக்கு இரண்டு நொடி அணைந்தாலே போதும், வண்டி வாய்க்காலில் கிடக்கும். ஆகவே டாஷ்போர்டில் இருக்கும் அந்தச் சின்னக் குமிழை ஒரு அலங்காரச் சாமானாக நினைக்கவே கூடாது.

லைட் எரியவில்லை என்றதும் சுவிட்சை வாங்கி மாட்டிவிடுவதுதான் வழக்கம். புது சுவிட்சும் சில மாதத்திலேயே சூடாகி, நாற்றமடித்து, கருகிப்போகிறது. உடனே "டூப்ளிகேட் சாமான்" என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். உண்மையில் பல வண்டிகளில் முதல் சுவிட்சைக் கொன்ற காரணமே இரண்டாவதையும் கொல்கிறது. அந்தக் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் சாமானுக்குப் பணம் கொடுக்க வேண்டும். சுவிட்சைக் கழற்றி மாட்டுவது இரண்டு மணி நேர வேலை. அதற்கு முன் மீட்டரோடு செலவழிக்கும் அரை மணி நேரம்தான் முக்கியம்.

உங்கள் வண்டியில் இருப்பது எந்தச் சுவிட்ச்?

மோரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற பிரிட்டிஷ் காரின் மூன்றாம் சீரிஸை அடிப்படையாக வைத்து 1950களின் கடைசியில் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தொடங்கிய அம்பாசிடர் உற்பத்தி 2014 மே மாதம் நின்றது. அத்தனை ஆண்டுகளில் டாஷ்போர்டு பலமுறை மாறியது. பழைய மார்க் வண்டிகளில் இழுக்கும் குமிழ் சுவிட்சைத்தான் அதிகம் பார்க்கலாம். ஒரு இழு இழுத்தால் பார்க் லைட், டெயில் லைட், நம்பர் பிளேட் லைட். இன்னொரு இழு இழுத்தால் ஹெட்லைட். மீட்டருக்குள் வெளிச்சம் தரும் பேனல் லைட்டுக்குத் தனியாக ஒரு சின்னச் சுவிட்ச் இருக்கலாம். பிந்திய வண்டிகளில் அழுத்தும் சுவிட்சோ ஸ்டியரிங் தண்டில் கைப்பிடியோ இருக்கும். இந்த வழிகாட்டி இழுக்கும் குமிழ் வகைக்கானது. மற்றவற்றுக்கும் சோதனைப் பகுதி அப்படியே பொருந்தும், கழற்றும் விதம்தான் வேறு.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது எர்த், அதாவது பேட்டரியின் எந்த முனை வண்டியின் இரும்பு பாடியோடு இணைந்திருக்கிறது என்பது. பழைய பிரிட்டிஷ் வழக்கப்படி சில வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் எர்த் ஆகியிருக்கும். இடையில் யாராவது நெகட்டிவ் எர்த்தாக மாற்றியும் இருக்கலாம். பானெட்டைத் திறந்து, எந்த முனையிலிருந்து போகும் தடித்த கேபிள் பாடியில் போல்ட்டாகி இருக்கிறது என்று கண்ணால் பாருங்கள். சுவிட்சுக்கு இது எப்படி இருந்தாலும் ஒன்றுதான். மீட்டர் முனைகளை வைப்பதிலும், பின்னால் எல்இடி பல்ப் போடுவதிலும்தான் வித்தியாசம் வரும். கீழே சொல்வதெல்லாம் நெகட்டிவ் எர்த் கணக்கு. பாசிட்டிவ் எர்த் வண்டியில் மீட்டரின் சிவப்பு முனையையும் கறுப்பு முனையையும் இடம் மாற்றிக்கொள்ளுங்கள்.

வயர் கலர்

இந்த வண்டிகளின் வயரிங் லூகாஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் கலர் முறையில் வந்தது. பிரவுன், அல்லது பிரவுனில் நீலக் கோடு போட்டது, பேட்டரி கரன்ட்டைச் சுவிட்சுக்குக் கொண்டுவரும் வயர். சாவி போடாமலே அதில் எப்போதும் கரன்ட் இருக்கும். சிவப்பு பார்க் லைட்டுக்கும் டெயில் லைட்டுக்கும் போகும். சிவப்பில் வெள்ளைக் கோடு பேனல் லைட். நீலம் சுவிட்சிலிருந்து, ஹை பீமையும் லோ பீமையும் மாற்றும் டிப்பர் சுவிட்சுக்கு. டிப்பரைத் தாண்டினால் நீலத்தில் வெள்ளைக் கோடு ஹை பீம், நீலத்தில் சிவப்புக் கோடு லோ பீம். கறுப்பு எர்த். சுவிட்சின் முனைகளில் வழக்கமாக ஏ என்பது கரன்ட் வரும் இடம், எஸ் பார்க் லைட், எச் ஹெட்லைட்.

ஆனால் நாற்பது வருஷம் ஓடிய வண்டியில் கலரை நம்பி வேலை செய்யாதீர்கள். கல்யாண ஊர்வலத்துக்கு சீரியல் லைட் போட ஒருவர் இழுத்த வயர், ஹாரனுக்கு இன்னொருவர் இழுத்த வயர் என்று எல்லாம் ஒரே சிவப்பில் கிடக்கும். வெயிலிலும் தூசியிலும் பிரவுனும் சிவப்பும் ஒரே நிறமாகவும் போயிருக்கும். மீட்டர் காட்டுவதுதான் இறுதி.

இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். பழைய வயரிங்கில் ஹெட்லைட் வழிக்கு ஃபியூஸ் கிடையாது. ஃபியூஸ் பாக்ஸில் தெரியும் இரண்டு கண்ணாடி ஃபியூஸ்களும் வேறு வேலைக்கு. பிரவுன் வயர் டாஷ்போர்டின் இரும்பில் பட்டால் அதைத் தடுக்க வழியில் ஒன்றுமே இல்லை. வயர் சிவந்து, பக்கத்து வயர்களின் உறையையும் சேர்த்து உருக்கிவிடும். பேட்டரியைக் கழற்றாமல் டாஷ்போர்டுக்குப் பின்னால் கையை விடக்கூடாது என்பது இதனால்தான்.

சுவிட்ச் ஏன் கெடுகிறது?

உள்ளே இருப்பது எளிய அமைப்பு. பேக்கலைட் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் பலகையில் பித்தளை ரிவெட்டுகள். குமிழை இழுக்கும்போது ஒரு செம்புத் தகடு அந்த ரிவெட்டுகளின் தலையில் நகர்ந்து உட்காரும். இரண்டு 60 வாட் ஹாலஜன் பல்புகள் 12 வோல்ட்டில் எரிந்தால் 10 ஆம்பியர் அந்தத் தகடு வழியாகப் போகிறது. இடையில் களிம்போ கருக்கலோ சேர்ந்து 0.05 ஓம் தடை வந்தாலே அரை வோல்ட் அங்கே நின்றுவிடும். அரை வோல்ட்டை 10 ஆம்பியரால் பெருக்கினால் 5 வாட். ஒரு சின்ன பல்பின் சூடு முழுவதும் கட்டைவிரல் நகம் அளவு இடத்தில் இறங்குகிறது. அந்தச் சூட்டில் பேக்கலைட் சுருங்கும், ரிவெட் தளரும். தளர்ந்தால் தடை கூடும், தடை கூடினால் சூடு கூடும். ஒருமுறை ஆரம்பித்துவிட்டால் முடிவு வரை போகாமல் நிற்காது.

பழைய காலத்து 45/40 வாட் விளக்குக்காகச் செய்த சுவிட்சில் இப்போது 100/90 வாட் பல்பைப் போட்டு ஓட்டுகிறார்கள். அது 16 ஆம்பியருக்கும் மேல். சுவிட்ச், டிப்பர், வயர் மூன்றும் அதில் வேகும். சுவிட்ச் கருகிய வண்டியில் முதலில் ஹெட்லைட்டைக் கழற்றி பல்பின் வாட்டைப் படித்துப் பாருங்கள்.

சுவிட்ச்தான் குற்றவாளியா? மீட்டரில் பாருங்கள்

அறிகுறிகளே பாதி சொல்லிவிடும். எல்லா விளக்கும் சேர்ந்து அணைந்து எரிந்தால் ஏ முனையில் வரும் பிரவுன் வயர் தளர்ந்திருக்கும். பார்க் லைட் நன்றாக எரிந்து ஹெட்லைட் மட்டும் மங்கினால் சுவிட்சின் எச் பகுதி, டிப்பர், அல்லது ஹெட்லைட் எர்த். ஒரு பக்க ஹெட்லைட் மட்டும் மங்கினால் சுவிட்சைத் தொடவே வேண்டாம், அந்தப் பக்க எர்த்தைப் பாருங்கள். குமிழைக் கையால் பிடித்துக்கொண்டால்தான் எரிகிறது, விட்டால் போகிறது என்றால் சுவிட்ச் உள்ளே தேய்ந்துவிட்டது. டைனமோ வண்டியில் ஐடிலில் மட்டும் விளக்கு மங்குவது இயல்பு. டைனமோவுக்கு ஐடிலில் சார்ஜ் கொடுக்கும் வேகம் இல்லை, சுவிட்சுக்கு அதில் சம்பந்தமில்லை.

இனி அளவு. பேட்டரி முழு சார்ஜில் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது, சார்ஜ் ஏற்றிவிட்டு வாருங்கள். என்ஜினை நிறுத்தி, ஹெட்லைட்டை எரியவிட்டு, டாஷ்போர்டுக்குக் கீழே படுத்து மீட்டரின் சிவப்பு முனையை சுவிட்சின் ஏ முனையிலும் கறுப்பு முனையை எச் முனையிலும் வையுங்கள். சுவிட்ச் தன்னிடம் எத்தனை வோல்ட்டைத் தின்கிறது என்று மீட்டர் நேரடியாகக் காட்டும். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் சுவிட்ச் நலம். 0.5 தாண்டினால் மாற்ற வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருந்தால் முனை ஸ்குருக்களை இறுக்கிச் சுத்தம் செய்து மறுபடி அளந்து பாருங்கள். இதற்காக பேட்டரியை இணைத்தபடியே கீழே கை விட வேண்டியிருக்கும். அதனால் மீட்டர் முனைகளில் நுனி மட்டும் தெரியும்படி ஸ்லீவ் மாட்டிக்கொள்ளுங்கள். கையில் மோதிரமோ இரும்புக் காப்போ இருந்தால் கழற்றிவிடுங்கள். விளக்கு எரியாமல் இந்தச் சோதனையைச் செய்தால் பலன் இல்லை. கரன்ட் ஓடும்போதுதான் தடை தன்னைக் காட்டும்.

இதே முறையில் வழி முழுவதையும் அளங்கள். பேட்டரி பாசிட்டிவ் முனையிலிருந்து சுவிட்சின் ஏ வரை. எச் முனையிலிருந்து பல்பின் கரன்ட் முனை வரை. கடைசியாக, எல்லோரும் மறந்துவிடும் பகுதி: பல்பின் எர்த் பின்னிலிருந்து பேட்டரி நெகட்டிவ் வரை. நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, தரங்கம்பாடி, வேதாரண்யம் பக்கத்து வண்டிகளில் உப்புக் காற்றில் ஹெட்லைட் எர்த் ஸ்குரு துருப்பிடித்து, அங்கேயே ஒரு வோல்ட் வரை தொலைந்துபோயிருக்கும். வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் பல்பின் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். புது சுவிட்ச் போட்டும் வெளிச்சம் வரவில்லை என்ற புகார் இங்கிருந்துதான் வருகிறது.

சாமானும் கருவியும்

கும்பகோணத்துக்கும் தஞ்சாவூருக்கும் நடுவில் ஒரு கடையிலும் இல்லை என்றால் சென்னை புதுப்பேட்டையில் தேட வேண்டியிருக்கும். எங்கே வாங்கினாலும் பழைய சுவிட்சைக் கையில் எடுத்துப்போய் ஒப்பிட்டு வாங்குங்கள். கழுத்து மரையின் விட்டமும் நீளமும் ஒன்றா, குமிழ் மாட்டும் தண்டின் கனம் ஒன்றா, முனைகள் அதே வரிசையில் உள்ளனவா, ஸ்குரு முனையா தகட்டு முனையா என்று பார்க்க வேண்டும். பையில் ஒரு சின்னக் காந்தமும் இருக்கட்டும். முனையில் காந்தம் ஒட்டினால் அது பித்தளை முலாம் பூசிய இரும்பு. வேதாரண்யம் காற்றில் அது ஒரு மழைக்காலம்கூடத் தாங்குவது கஷ்டம். ஒட்டவில்லை என்றால் பித்தளை அல்லது செம்பு, அதை வாங்கலாம்.

பேக்கலைட் கருகாமல், ரிவெட் ஆடாமல், களிம்பு மட்டும் பிடித்திருக்கும் பழைய ஒரிஜினல் சுவிட்ச் கையில் இருந்தால், மட்டமான புதியதைவிட அதைச் சுத்தம் செய்து போடுவதே மேல். 600 நம்பர் உப்புத்தாளால் தகட்டையும் ரிவெட் தலையையும் பளபளக்கும்வரை தேய்த்து, கான்டாக்ட் கிளீனர் அடித்து, மிக மெல்லியதாக வாசலைன் தடவினால் பல வருஷம் ஓடும். பேக்கலைட் கருகியிருந்தால் மட்டும் இரக்கப்படாதீர்கள். கருகிய இடம் கரியாகி, அதன் வழியே கரன்ட் கசியும்.

வேண்டிய கருவிகள்: மல்டிமீட்டர், 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப், பேட்டரி கிளாம்புக்கு 10 அல்லது 13 மி.மீ ஸ்பேனர், சின்னத் திருப்புளி இரண்டு, நோஸ் பிளையர், வயர் உரிக்கும் கொறடு, கிரிம்ப் செய்யும் கொறடு, பேப்பர் டேப், பேனா, கைப்பிடி டார்ச். வாங்க வேண்டியவை: வயர் நுனியில் நசுக்கி மாட்டும் பின் லக் அல்லது தகட்டு லக் பத்து, சூடு காட்டினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் ஒரு மீட்டர், 2.5 சதுர மி.மீ மற்றும் 1.5 சதுர மி.மீ ஆட்டோ வயர் கொஞ்சம். கறுப்பு இன்சுலேஷன் டேப்பைக் கூடியவரை தவிர்க்கவும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் மூடி நிற்கும் காருக்குள் அதன் பசை உருகி வழிந்து, டேப் தானாகவே பிரிந்துவிடும்.

கழற்றுவது

1. பேட்டரியில் பாடிக்குப் போகும் எர்த் கேபிளை முதலில் கழற்றுங்கள். அதை முதலில் எடுத்துவிட்டால், மற்ற முனையில் வேலை செய்யும்போது ஸ்பேனர் பாடியில் பட்டாலும் தீப்பொறி பறக்காது. கழற்றிய கேபிளை ஒரு துணியில் சுற்றி எட்ட வைத்துவிடுங்கள்.

2. டாஷ்போர்டுக்குக் கீழே டார்ச் அடித்து, வயர்கள் இருக்கிறபடியே நான்கு கோணத்தில் படம் எடுங்கள். பிறகு ஒவ்வொரு வயரிலும் பேப்பர் டேப் ஒட்டி ஏ, எஸ், எச் என்று எழுதுங்கள். ஒரே முனையில் இரண்டு வயர் இருந்தால் இரண்டிலும் எழுதுங்கள். அந்த இரண்டாவது வயர்தான் பெரும்பாலும் பேனல் லைட்டுக்குப் போவது. அது கழன்று விழுந்து காணாமல் போவதும் இந்தக் கட்டத்தில்தான்.

3. குமிழைக் கழற்றுங்கள். இங்கேதான் பலரும் பொறுமை இழந்து கொறடால் பிடித்துத் திருகி, பழைய குமிழை உடைத்துவிடுகிறார்கள். குமிழை முழுவதும் வெளியே இழுத்து, அதன் கழுத்தின் அடிப்பக்கத்தில் விரலால் தடவிப் பாருங்கள். சின்ன ஓட்டை ஒன்று இருந்தால் அதற்குள் ஸ்பிரிங் வைத்த முளை இருக்கிறது. ஒரு மெல்லிய ஆணியையோ நறுக்கிய சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியையோ அந்த ஓட்டையில் அழுத்தியபடி குமிழை முன்னால் இழுத்தால் வழுக்கிக்கொண்டு வரும். ஓட்டைக்குப் பதிலாகத் தலையில்லாத சின்ன ஸ்குரு இருந்தால் அதை ஒன்றரைச் சுற்று தளர்த்தினால் போதும். முழுவதும் எடுத்தால் கார்ப்பெட்டில் விழுந்து தொலையும். இரண்டும் இல்லை என்றால் குமிழே மரை போட்டது, இடப்பக்கம் திருப்புங்கள். வராமல் அடம்பிடித்தால் ஒரு சொட்டு டபிள்யூடி-40 விட்டு கால் மணி நேரம் காத்திருங்கள்.

4. டாஷ்போர்டின் முன்பக்கத்தில் சுவிட்சைப் பிடித்திருக்கும் வட்ட நட்டில் இரண்டு பள்ளம் இருக்கும். நோஸ் பிளையரின் இரண்டு நுனிகளையும் அந்தப் பள்ளங்களில் வைத்துத் திருப்பலாம். வழுக்கினால் டாஷ்போர்டு பெயின்டில் நிரந்தரக் கீறல் விழும். ஆகவே சுற்றிலும் மூன்றடுக்கு பேப்பர் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். பின்பக்கம் இன்னொரு கையால் சுவிட்சைப் பிடித்துக்கொள்வது அவசியம். இல்லாவிட்டால் சுவிட்சும் கூடவே சுற்றி வயர்களை முறுக்கிவிடும்.

5. சுவிட்சைப் பின்னால் தள்ளிக் கீழே இறக்குங்கள். வயர் நீளம் போதாமல் இழுத்தால் விட்டுவிடுங்கள். ஸ்பீடோமீட்டர் கேபிளில் சிக்கியிருக்கும், எடுத்துவிட்டு இறக்கலாம்.

வயர் முனைகள்

பழைய வயரை உரித்துப் பார்த்தால் செம்பு கறுத்திருக்கும். ஈரம் உறைக்குள்ளேயே ஏறிப்போன அடையாளம் அது. பளபளக்கும் செம்பு தெரியும்வரை வெட்டிக்கொண்டே போங்கள். இரண்டு அங்குலம் போனாலும் போகட்டும். வயர் குட்டையாகிவிட்டால் அதே கனத்தில், ஹெட்லைட் வழி என்றால் 2.5 சதுர மி.மீ வயரில், ஒட்டுப் போட்டு, கிரிம்ப் செய்து, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவால் மூடுங்கள்.

ஸ்குரு முனையில் நுழைக்கப்போகும் வயர் நுனியில் ஈயம் பற்றவைக்காதீர்கள். நல்ல வேலை என்று நினைத்துச் செய்வதுதான், ஆனால் பலன் நேர்மாறு. ஈயம் மிருதுவானது, ஸ்குருவின் அழுத்தத்தில் நாளடைவில் தட்டையாகிக்கொண்டே போகும். இன்று இறுக்கிய ஸ்குரு சில மாதத்தில் தளர்ந்து நிற்கும், தளர்ந்த இடம் சூடாகும். 7 அல்லது 8 மி.மீ உரித்து, இழைகளை முறுக்கி, பின் லக் போட்டு நசுக்கி நுழைப்பதே சரி. ஒரு இழைகூட வெளியே பிரிந்து நிற்கக்கூடாது.

புது சுவிட்சை மேசையில் சோதித்து மாட்டுவது

மாட்டுவதற்கு முன் மீட்டரை ஓம் நிலையில் வைத்து, ஏக்கும் எஸ்ஸுக்கும், ஏக்கும் எச்சுக்கும் தொடர்பு எந்த இழுப்பில் வருகிறது என்று பாருங்கள். குமிழ் உள்ளே இருக்கும்போது எதுவும் இணையக்கூடாது. முதல் இழுப்பில் எஸ் மட்டும். இரண்டாவதில் எஸ், எச் இரண்டும். எழுத்து போடாத சுவிட்சிலும் இப்படியே முனைகளைக் கண்டுபிடித்துவிடலாம். அடுத்து, 15 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றை வழியில் வைத்து, ஒரு ஹெட்லைட் பல்பை இந்தச் சுவிட்ச் வழியாக நேரடியாக பேட்டரியில் பத்து நிமிஷம் எரியவிட்டு, முனையைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கையை எடுக்க வைக்கும் சூடு என்றால் கடைக்கே திருப்பிக் கொடுங்கள். டாஷ்போர்டுக்குள் போனபிறகு இதைக் கண்டுபிடிப்பது இரட்டை வேலை.

மாட்டும்போது முதலில் ஏ, பிறகு எச், கடைசியில் எஸ். தடித்த வயர் முதலில் உட்கார்ந்துவிட்டால் மெல்லியதை வளைத்துச் சேர்ப்பது எளிது. ஒவ்வொன்றையும் இறுக்கியபின் வயரை இழுத்துப் பாருங்கள், அசையக்கூடாது. எல்லா முனைகளின் மேலும் விரலால் மெல்லிய வாசலைன் பூச்சு. சுவிட்சின் உடலில் ஒரு சின்ன மேடோ தட்டைப் பக்கமோ இருந்தால் டாஷ்போர்டு ஓட்டையில் அதற்கான இடத்தில் பொருத்துங்கள். அது இல்லாமல் நட்டை இறுக்கினால் ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் சுவிட்ச் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி, ஒருநாள் முனை இரும்பில் படும். மாட்டி முடித்ததும் டார்ச் அடித்து, எந்த முனைக்கும் டாஷ்போர்டு இரும்புக்கும் இடையில் ஒரு விரல் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத இடத்தில் ஸ்லீவ் போட வேண்டும்.

பேட்டரியை நேரடியாக இணைக்காதீர்கள். 21 வாட் இண்டிகேட்டர் பல்ப் ஒன்றை எடுத்து, பேட்டரியின் எர்த் முனைக்கும் கழற்றி வைத்த கேபிளுக்கும் நடுவில் தொடுத்துப் பாருங்கள். எல்லாச் சுவிட்சும் அணைந்திருக்கும்போது பல்ப் பிரகாசமாக எரிந்தால் எங்கோ ஷார்ட். பல்ப் எரிவதோடு ஆபத்து நின்றுவிடும், வயர் வேகாது. எரியவில்லை என்றால் கேபிளை மாட்டலாம். கழற்றியபோது முதலில் வந்த எர்த் கேபிள் மாட்டும்போது கடைசி. இப்போது ஏ–எச் அளவை மறுபடி எடுங்கள். 0.1 வோல்ட் பக்கம் வர வேண்டும்.

பேனல் லைட்

எஸ் முனையிலிருந்தோ பார்க் லைட் வயரிலிருந்தோ பிரிந்து ஒரு சின்னச் சுவிட்ச் வழியாக மீட்டர் பல்புகளுக்குப் போகிறது. எல்லாம் மரை போட்ட 2.2 வாட் குட்டி பல்புகள். நான்கும் சேர்ந்தே ஒரு ஆம்பியரைத் தொடாது, அதனால் இந்தச் சுவிட்ச் கருகுவது அபூர்வம். களிம்பு பிடித்து நிற்பதுதான் வழக்கம், கான்டாக்ட் கிளீனர் அடித்து இருபது முறை தட்டினால் பாதி கேஸ் சரியாகிவிடும். பல்ப் மாற்றியும் எரியவில்லை என்றால் ஹோல்டரைப் பிடித்திருக்கும் மீட்டர் உடலின் எர்த்தைப் பாருங்கள். எல்இடி போட ஆசைப்படுகிறவர்கள் பாசிட்டிவ் எர்த் வண்டியில் சாதாரண எல்இடி எரியாது என்பதையும், வெளிச்சம் கூட்டிக் குறைக்கும் திருகு உள்ள வண்டியில் அந்தத் திருகு எல்இடிக்குச் சரியாக வேலை செய்யாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

ரிலே: இதைச் செய்யாமல் வேலையை முடிக்காதீர்கள்

டாஷ்போர்டு அழகு கெடாமல், பழைய சுவிட்சையே வைத்துக்கொண்டு ஹாலஜன் பல்ப் ஓட்ட வேண்டும் என்றால் ரிலே ஒன்றே வழி. சின்னக் கரன்ட்டை வாங்கிக்கொண்டு பெரிய கரன்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச் அது. 12 வோல்ட், 30 ஆம்பியர், நான்கு பின் ரிலே இரண்டு வாங்குங்கள். ஒன்று லோ பீமுக்கு, ஒன்று ஹை பீமுக்கு. ரேடியேட்டருக்குப் பக்கத்தில், தண்ணீர் நேரடியாகப் படாத இடத்தில், பின்கள் கீழே பார்க்கும்படி மாட்ட வேண்டும். மேலே பார்த்தால் மழைநீர் உள்ளே தேங்கும்.

ஹெட்லைட்டுக்குப் போகும் நீல-வெள்ளை வயரை வெட்டி, சுவிட்ச் பக்கத்திலிருந்து வரும் முனையை ஹை பீம் ரிலேயில் 86 என்று எண் போட்ட பின்னில் கொடுங்கள். நீல-சிவப்பை அதேபோல லோ பீம் ரிலேக்கு. இரண்டு ரிலேயின் 85உம் எர்த்துக்கு. பேட்டரியிலிருந்து 2.5 சதுர மி.மீ வயரில் ஒவ்வொரு ரிலேயின் 30க்கும் தனித்தனி 15 ஆம்பியர் ஃபியூஸ் வழியாகக் கரன்ட். 87இலிருந்து பல்புகளுக்கு, ஒவ்வொரு பக்கமும் 1.5 சதுர மி.மீ. இரண்டு ஹெட்லைட்டின் எர்த்தையும் பாடியில் விடாமல் 2.5 சதுர மி.மீ கறுப்பு வயரில் பேட்டரி எர்த் வரை கொண்டுபோய்ச் சேருங்கள். ஃபியூஸை பேட்டரிக்கு ஒரு முழத்துக்குள் வையுங்கள். ஃபியூஸுக்கு முன்னால் இருக்கும் வயருக்குப் பாதுகாப்பு கிடையாது. செலவு மிச்சம் என்று இரண்டுக்கும் ஒரே ஃபியூஸ் போடவே கூடாது. தனித்தனியாக இருந்தால் ஒன்று போனாலும் டிப்பரைத் தட்டி மற்றதில் வீடு வந்து சேரலாம். பாசிட்டிவ் எர்த் வண்டியிலும் இதே வயரிங்தான். உள்ளே டயோடு வைத்த ரிலேயை மட்டும் வாங்காதீர்கள்.

இப்போது டாஷ்போர்டு சுவிட்ச் ஹெட்லைட்டுக்காகச் சுமப்பது ரிலே காயிலின் கரன்ட் மட்டும், கால் ஆம்பியருக்கும் கீழே. பத்து ஆம்பியர் வழி மாறிப் போய்விட்டது.

மழை, எலி, உப்பு

டெல்டா வண்டிக்கென்று சில எதிரிகள் உண்டு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் முன்கண்ணாடி ரப்பர் வழியாகக் கசியும் நீர் டாஷ்போர்டின் பின்பக்கமாக இறங்கி நேராகச் சுவிட்சின் தலையில் சொட்டும். சுவிட்ச் மாற்றிய அன்றே ஒருவர் கண்ணாடியில் குடத்தால் தண்ணீர் ஊற்ற, இன்னொருவர் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். சொட்டினால் ரப்பரைச் சரிசெய்யாமல் விடாதீர்கள். தரையில் காலால் மிதிக்கும் டிப்பர் சுவிட்ச் உள்ள வண்டி வெள்ள நீரில் நின்றிருந்தால் அதையும் கழற்றிப் பாருங்கள், உள்ளே பச்சைக் களிம்பு நிச்சயம்.

சம்பா அறுவடை முடிந்ததும் வயல் எலி கொட்டகைக்கு வரும். வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நிறுத்திய வண்டியின் டாஷ்போர்டுக்குள் அது கூடு கட்டுவது சாதாரணம். உரிந்த வயரைக் கண்டால் அந்த ஒரு இடத்தை மட்டும் ஒட்டிவிட்டு நகராதீர்கள், கட்டு முழுவதையும் விரலால் தடவிக்கொண்டே போய்ப் பாருங்கள். என்ஜின் பக்கத்திலிருந்து வயர் உள்ளே வரும் ஓட்டைகளில் ரப்பர் வளையம் இல்லாவிட்டால் புதிது போடுங்கள். எலி வரும் வழியும் அதுவே, இரும்பு விளிம்பு வயரை அறுக்கும் இடமும் அதுவே.

கடலோர வண்டிகளில் மழைக்கு முன்பும் பின்பும் எர்த் ஸ்குருக்களைக் கழற்றி, உப்புத்தாளில் தேய்த்து, வாசலைன் தடவி இறுக்க வேண்டும். மற்ற ஊர்களில் வருஷத்துக்கு ஒருமுறை போதும்.

மாட்டிய முதல் இரவில் இருபது நிமிஷம் ஹெட்லைட்டோடு ஓட்டிவிட்டு, வண்டியை நிறுத்தி, குமிழையும் அதன் நட்டையும் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்திருக்க வேண்டும். புது முனை ஸ்குருக்கள் ஓட்டத்தில் அதிர்ந்து கொஞ்சம் தளரும், ஒரு மாதம் கழித்து பேட்டரியைக் கழற்றிவிட்டு ஒருமுறை இறுக்குங்கள். கழற்றிய ஒரிஜினல் குமிழும் வட்ட நட்டும் நல்ல நிலையில் இருந்தால் ஒரு டப்பாவில் போட்டு வண்டியின் பெயர் எழுதி வையுங்கள். இந்தச் சாமான்கள் தனியாகக் கிடைப்பது வருஷத்துக்கு வருஷம் அரிதாகிக்கொண்டிருக்கிறது.